மாற்றிய சைலன்சரும் உறங்காத நோயாளியும்

ஏப்ரல், மே மாதங்களில் எங்கள் உள்நோயாளிகள் பிரிவில் காலைச் சுற்றின்போது “இரவு உறங்கினீர்களா?” என்று கேட்டால், வலியைப் பற்றிய விடைக்கு முன்பே வண்டிச் சத்தத்தைப் பற்றிய விடை வருகிறது. சீசனுக்கு மலையேறி வரும் வாகனங்களுள் சில, சைலன்சரை மாற்றியோ அகற்றியோ, வளைவுதோறும் வெடி வெடித்தாற்போல் ஒலி எழுப்பிச் செல்கின்றன. இருசக்கர வண்டிகள் மட்டுமல்ல, கார்களும் இவற்றுள் உண்டு. உடனிருக்கும் குடும்பத்தினர் எங்களிடம் கேட்பது ஒன்றே: இதற்குச் சட்டம் இல்லையா?

சட்டம் இருக்கிறது, ஒன்றல்ல, பல. அவற்றுள் எது நோயாளியின் உறக்கத்துக்கு உண்மையில் உதவும், எது தாளில் மட்டும் நன்றாக இருக்கும் என்பதைப் பிரித்தறிய வேண்டும். அதற்கு முன், இவ்வொலி உடலுக்குள் என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறோம்.

கண்ணுக்கு இமை உண்டு, காதுக்கு இல்லை. உறங்கும்போதும் செவி விழித்தே இருக்கிறது. திடீரென்று ஒரு பேரொலி எழும்போது, அது ஆபத்தா இல்லையா என்று மூளை ஆராய்வதற்குள் தன்னியக்க நரம்பு மண்டலம் செயல்பட்டுவிடும். அட்ரினலின் சுரக்கும், நாடி விரையும், இரத்த அழுத்தம் சற்றே உயரும். நோயாளி முழுமையாக விழிக்காமலே இவை நிகழலாம். சீரான மழையிரைச்சலுக்கும் மின்விசிறியின் ஒலிக்கும் உடல் பழகிக்கொள்கிறது. எதிர்பாராத வெடியோசைக்கு மனம் பழகினாலும், இதயமும் இரத்தக் குழாய்களும் அவ்வளவு எளிதில் பழகுவதில்லை. மாரடைப்பிலிருந்து தேறுவோர், இரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதோர், இரவில் குழப்பமடையும் முதியோர், குறைமாதக் குழந்தைகள் ஆகியோரை இது மிகுதியாகப் பாதிக்கிறது. பிறந்த குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒலி 45 டெசிபலைத் தாண்டலாகாது என்பது அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகத்தின் அறிவுரை. சாலைப் போக்குவரத்தின் இரவு ஒலி வீட்டுக்கு வெளியே 45 டெசிபலுக்குக் கீழ் இருத்தல் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் ஐரோப்பிய நாடுகளுக்குப் பரிந்துரைத்தது. ஒரு வண்டியின் வெடியோசையால் மாரடைப்பு வந்துவிடும் என்று எவரும் அஞ்ச வேண்டியதில்லை. இரவுதோறும் உறக்கம் கலைவதே கெடுதல்.

கொடைக்கானலின் நிலவமைப்பும் இதற்குத் துணைபோகிறது. மலையேறும் வண்டி தாழ்ந்த கியரில், மிகுந்த சுழற்சியில் ஓடுகிறது. அதனால் சமவெளியைவிட உரக்க ஒலிக்கிறது. இரவில் குளிர்ந்த காற்று பள்ளங்களில் தேங்க, அதன்மேல் சற்று வெதுவெதுப்பான காற்று நிற்கும். மேலெழும் ஒலி அவ்விடத்தில் வளைந்து மீண்டும் கீழிறங்கும். பெருமாள்மலைப் பக்கத்து வண்டியோசை சில இரவுகளில் அருகிருப்பதுபோல் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். 1845-இல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்தோர் சமவெளியின் காய்ச்சலுக்கு அஞ்சி, உடல் தேறுவதற்கென்றே வீடு கட்டிய மலை இது என்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.

சைலன்சர் என்பது வெறும் குழாயன்று. இயந்திரத்திலிருந்து அழுத்தத்தோடு வெளிப்படும் புகை அதனுள் உள்ள அறைகளில் விரிந்து, தடுப்புகளில் மோதி, துளைக் குழாய்கள் வழியே திரும்பி வருவதற்குள் ஒலியின் ஆற்றல் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது. அதைக் கழற்றி ‘பஞ்சாபி’, ‘இந்தோரி’ என்னும் பெயர்களில் கடைகளில் கிடைக்கும் நேர்க்குழாயைப் பொருத்தினால் அவ்வறைகள் இல்லை. சிலர் உள்ளிருக்கும் தடுப்பை மட்டும் உருவிவிடுகின்றனர். நச்சுப்புகையைக் குறைக்கும் வினையூக்கி மாற்றியும் இவ்வேலையில் பலமுறை கழற்றப்படுகிறது. அப்போது கார்பன் மோனாக்சைடு போன்ற வாயுக்கள் தடையின்றி வெளியேறுகின்றன. ஓட்டுபவரின் செவியும் தப்புவதில்லை. 100 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 15 நிமிடத்துக்கு மேல் கேட்பது செவிக்குக் கேடு என்பது தொழில்நல வல்லுநர் ஏற்றுக்கொண்ட கணக்கு.

இனிச் சட்டம். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 120-ஆம் விதி, ஒவ்வொரு வாகனத்திலும் ஒலியை இயன்றவரை குறைக்கும் சைலன்சர் இருக்க வேண்டும் என்கிறது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள் புதிய வாகனங்களுக்கு எல்லை வகுத்துள்ளன: 175 சி.சி.க்கு மேற்பட்ட இருசக்கர வண்டிக்கு 80 டெசிபல், 80 முதல் 175 சி.சி. வரை 77, பயணிகள் காருக்கு 74. ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள் 2000, மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத பரப்பை அமைதி மண்டலமாகக் கொள்கின்றன. அங்கே பகலில் 50, இரவில் 40 டெசிபல் எல்லை. பேரொலியிலிருந்து விடுபட்டு வாழ்வது அரசமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2005 ஜூலை 18-இல் தீர்ப்பளித்தது. மாற்றிய சைலன்சரைக் குறித்தே அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் லக்னோ அமர்வு 2021 ஜூலையில் தானாக முன்வந்து வழக்கொன்றை எடுத்துக்கொண்டது.

இவ்வளவு இருந்தும் நோயாளி ஏன் விழித்திருக்கிறார்? எல்லைகளை அளக்கும் முறையில் விடை இருக்கிறது. 80, 77, 74 என்னும் எண்கள், புதிய வண்டி வகைக்கு ஒப்புதல் வழங்குவதற்காகச் சோதனைத் தளத்தில், வண்டி செல்லும் கோட்டிலிருந்து 7.5 மீட்டரில் ஒலிவாங்கி வைத்து அளக்கப்படுபவை. வளைவும் ஏற்றமும் நிறைந்த மலைச்சாலையில், ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை நிறுத்தி அதே முறையில் அளக்க இயலாது.

அமைதி மண்டலத்தின் 40 டெசிபலோ ஒரு சராசரி. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒரு சன்னலுக்கு வெளியே 35 டெசிபல் அமைதி நிலவுகிறது எனக் கொள்வோம். இடையே இரு வண்டிகள், ஒவ்வொன்றும் 3 விநாடி, அங்கே 75 டெசிபல் ஒலி எழுப்பிச் செல்கின்றன. அந்த எட்டு மணி நேரத்தின் சராசரி 40 டெசிபலுக்குச் சற்றுக் குறைவாகவே வரும்! விதி மீறப்படவில்லை, நோயாளி இருமுறை விழித்துவிட்டார். 100 மீட்டர் இடைவெளியும் முழுக் காப்பன்று. திறந்த வெளியில் தொலைவு இரட்டிக்கும்போது ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறைகிறது. 7.5 மீட்டரில் 80 டெசிபலாக இருப்பது 100 மீட்டரில் 57 அல்லது 58 ஆகிவிடும். மாற்றிய சைலன்சரால் 20 டெசிபல் கூடிய வண்டி அதே 100 மீட்டரிலும் 77 டெசிபலோடு சன்னலை அடையும்.

ஆகவே நோயாளிக்கு உதவும் சட்டம் ஒலிமானியை நம்பியிருக்கும் சட்டமன்று, பொருளைப் பார்க்கும் சட்டமே என்பது எங்கள் கருத்து. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இல் அத்தகைய பிரிவுகள் உள்ளன. பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கும் தயாரிப்பாளர் வகுத்த அமைப்புக்கும் மாறாக வாகனத்தை மாற்றலாகாது என்கிறது 52-ஆம் பிரிவு. 2019 திருத்தத்தால் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியின்றி மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். புகை சைலன்சர் வழியே செல்லாமல் வேறு வழியில் வெளியேறும்படி செய்து ஓட்டினால், 194எஃப் பிரிவின்கீழ் முதல்முறை 1,000 ரூபாய், மறுமுறை 2,000 ரூபாய். ஒலித் தரத்தை மீறிய வண்டியை ஓட்டினால் 190(2) பிரிவின்கீழ் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதம் செல்லாது. முதலிரண்டுக்கும் டெசிபல் கணக்கு தேவையில்லை. குனிந்து பார்க்கத் தெரிந்த ஒரு பணியாளரும் ஒரு கைவிளக்கும் போதும்.

பார்ப்பதற்கு இடமும் இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் நடைமுறை உள்ளது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்னும் வரம்பையும் நீதிமன்றம் விதித்தது. இ-பாஸைச் சரிபார்க்க எப்படியும் வண்டி நிற்கிறது. அங்கேயே சைலன்சரையும் பார்த்தால், மலைமேல் இரவில் துரத்திப் பிடிக்கும் வேலை மிச்சம். வளைவுகளில் துரத்துவது காவலர்க்கும் ஆபத்து, எதிரே வருபவர்க்கும் ஆபத்து, சாலையோரம் மேயும் காட்டெருமைக்கும் ஆபத்து. ஆஸ்திரியாவின் டிரோல் மாநில மலைச்சாலைகள் சிலவற்றில் 2020 ஜூனில் இதைவிடக் கடுமையாகச் செய்தனர். நின்ற நிலையில் 95 டெசிபலுக்கு மேல் ஒலிக்கும் என்று ஆவணத்தில் குறிக்கப்பட்ட இருசக்கர வண்டிகளுக்குக் கோடைக்காலத்தில் தடை விதித்தனர். அங்கும் பார்த்தது தாளைத்தான். மாற்றம் எதுவும் செய்யாத வண்டிகளும் அதில் சிக்கியதால் ஓட்டுநர்கள் எதிர்த்தனர். நம் சட்டம் அவ்வளவு கேட்கவில்லை. தயாரிப்பாளர் பொருத்திய சைலன்சர் இருந்தால் போதும் என்கிறது.

முறையிட விரும்புவோர் கவனிக்க: உரக்க ஒலிக்கும் எல்லா வண்டியும் குற்றமுடையதன்று. சுமையேற்றிய லாரியும், மன்னவனூர், பூம்பாறை செல்லும் பழைய பேருந்தும் ஏற்றத்தில் முனகத்தான் செய்யும். ஐயத்துக்குரிய வண்டியின் எண், நிறம், கடந்த நேரம், சென்ற திசை ஆகியவற்றைக் குறித்து, அவசரமெனில் 112 எண்ணுக்கும், அல்லாவிடில் காவல் நிலையத்துக்கும் எழுத்தில் தெரிவிக்கலாம். ஒலி மாசு விதிகளின்படி முறையீட்டைப் பெறும் அதிகாரி மாவட்ட ஆட்சியராகவோ, காவல் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாதவராகவோ இருக்கலாம். வண்டியை மறித்து வாதிட வேண்டா.

வார்டில் இருப்போருக்குச் சில சொற்கள். சாலைப் பக்கச் சன்னலை ஒட்டிய படுக்கை தொந்தரவாக இருப்பின் செவிலியரிடம் சொல்லுங்கள். இடம் இருந்தால் மாற்றித் தருவோம். பஞ்சு நுரையால் ஆன காதடைப்பான் பெரும்பாலோர்க்கு உதவும். காதில் சீழ் உள்ளோரும், இரவில் குழப்பமடையும் முதியோரும் எங்களைக் கேட்காமல் பயன்படுத்தலாகாது. வீட்டில் இரத்த அழுத்தம் பார்ப்போர், ஒலியால் திடுக்கிட்ட உடனே அளக்காமல் ஐந்து நிமிடம் அமர்ந்திருந்து அளக்க வேண்டும். இரவுச் சத்தத்துக்கென்று தூக்க மாத்திரையைத் தாமாக வாங்கி உண்பதை நாங்கள் ஏற்பதில்லை.

நோயாளியைப் பார்க்க வரும் மகனோ மருமகனோ ஓட்டிவரும் வண்டியும் அத்தகையதாக இருக்கலாம். அவரைத் திட்டுவதைவிட, கழற்றிய சைலன்சர் எங்கே என்று கேளுங்கள். பெரும்பாலும் அது மெக்கானிக் கடையின் மூலையிலோ வீட்டுப் பரணிலோ கிடக்கும். திரும்பப் பொருத்த அதிக நேரம் ஆகாது.