பித்தப்பையில் கல் இருந்தால் கறி சாப்பிடலாமா?

தீபாவளி முடிந்த மறுநாளும் சம்பள நாளுக்கு அடுத்த நாளும் தோட்ட மருந்தகத்துக்கு வருபவர்களில் சிலருக்கு ஒரே மாதிரி நோவு. வலது விலாவுக்குக் கீழே இறுக்கிப் பிடிக்கும். முதுகுக்கும் வலது தோளுக்கும் ஏறும். குமட்டல், வாந்தி வரும். "காத்துப் பிடிச்சிருக்கு, டிரஸ்ஸரையா" என்பார்கள். எல்லாமே காத்து இல்லை. கொழுப்பான சாப்பாட்டுக்குப் பிறகு அரைமணி முதல் சில மணி நேரம் இப்படி வலித்தால், அது பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். ஸ்கேன் எடுத்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

கல் என்று தெரிந்ததும், "இனிமே கறியே கூடாதா?" என்று கேட்கிறார்கள். கூடும். ஆனால் காரணம் தெரிந்து சாப்பிட வேண்டும்.

ஈரலுக்கு அடியில் இருக்கும் சிறு பைதான் பித்தப்பை. கொழுப்பைச் செரிக்கும் பித்தநீர் அதில் சேர்ந்திருக்கும். கொழுப்பு குடலுக்குள் போனதும் பை சுருங்கிப் பித்தநீரைத் தள்ளும். அப்போது கல் வாயை அடைத்துக்கொண்டால் நோவு. ஆக, வம்பு செய்வது கறி அல்ல, அதில் உள்ள கொழுப்பு.

வீட்டில் செய்ய வேண்டியவை:

1. கோழியின் தோலை உரித்துவிடுங்கள். ஆட்டுக்கறியில் வெள்ளைக் கொழுப்பை வெட்டி எறியுங்கள். மூளை, குடல், பன்றிக் கொழுப்பு வேண்டாம்.

2. கெட்டித் தேங்காய்ப் பாலும் பொரியலும் வேண்டாம். கொஞ்சம் எண்ணெயில் தாளித்து, தண்ணீர் விட்டுக் குழம்பாக வையுங்கள். ஆறவைத்து, மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட்டுச் சூடுபடுத்துங்கள்.

3. ஒரு வேளைக்கு உள்ளங்கையளவு கறி போதும். கூடவே கீரை, காய்கறி.

4. வெறும் கோப்பியோடு பால்வெட்டுக்குப் போய் மத்தியானம் வரை பட்டினி கிடக்காதீர்கள். நேரத்துக்குப் பசியாறுங்கள். நெடுநேரம் சாப்பிடாவிட்டால் பித்தநீர் பையிலேயே தேங்கும். உடம்பை வேகமாக இளைக்க வைத்தாலும் கல் வளர இடமாகும்.

இப்படிச் சாப்பிட்டால் நோவு குறையலாம், கல் கரையாது. எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் கல் விழும் என்று சொல்வதை நம்பாதீர்கள். வெளியே வரும் பச்சை உருண்டைகள் பெரும்பாலும் அந்த எண்ணெயே கட்டியானவை. நோவே தராத கல்லுக்குப் பொதுவாக வைத்தியம் தேவையில்லை. அடிக்கடி நோவு தந்தால் பித்தப்பையை எடுப்பதே தீர்வு. இன்று பெரும்பாலும் சிறு துளைகள் வழியாகவே எடுக்கிறார்கள். பை இல்லாமலும் நன்றாக வாழலாம்.

காய்ச்சல், குளிர் நடுக்கம், கண் மஞ்சளாவது, சிறுநீர் கறுப்புத் தேநீர் போல் போவது, விடாத நோவு, நிற்காத வாந்தி: இவற்றில் ஒன்று வந்தாலும் தைலம் தேய்த்துக்கொண்டு விடியும்வரை காத்திருக்காதீர்கள். உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

"பெரட்டுக்குப் போகாட்டி நாள் சம்பளம் போயிடுமே" என்று நோவைப் பல்லைக் கடித்துத் தாங்குபவர்கள் உண்டு. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் டாக்டர் சான்றிதழோடு சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்பைத் தருகிறது. ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் வருடத்துக்கு 60 நாள் வரை உண்டு. அது உங்கள் உரிமை. கேட்டு வாங்குங்கள்.