சிறுதொழிலுக்கு எந்தச் செயலி? ஒரு கருவாட்டு ஓடர் கற்றுத்தந்தது

கடந்த நோன்புக்கு முன்னர் எங்களுக்கு வந்த ஓடர் ஒன்று தவறிப்போனது. முப்பது கிலோ கட்டாக் கருவாடு. கொழும்புக் கடைக்காரர் தொலைபேசியில் சொன்னதை நான் எங்கள் வட்ஸ்அப் குழுவில் குரல்பதிவாகப் போட்டேன். ராத்தா கேட்டார், மச்சான் கேட்டார், பொதிசெய்யும் இருவரும் கேட்டார்கள். மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று ஆளாளுக்கு இருந்துவிட்டோம். மாலைக்குள் அதன்மேல் எண்பது செய்திகள் ஏறிவிட்டன. பாதி கல்யாண வாழ்த்து. அந்தக் கடைக்காரர் இப்போது வேறிடத்தில் வாங்குகிறார்.

குறிஞ்சிப்பிட்டியில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து கருவாடும் மிளகாய்த்தூளும் பொதிசெய்து அனுப்புகிறோம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. பொதிசெய்பவர்களில் ஒருவர் போரில் கணவனை இழந்தவர். ஓர் ஓடர் போனால் அவருக்கு இரண்டு நாள் கூலி போகும். ஆகவே வேலைகளை ஒழுங்குபடுத்தும் செயலி ஒன்றைத் தேடத் தொடங்கினேன்.

இத்தகைய செயலிகள் எல்லாம் அடிப்படையில் மூன்று கேள்விகளுக்குத்தான் பதில் வைத்திருக்கின்றன: என்ன வேலை, யார் செய்வது, எப்போதைக்கு. வட்ஸ்அப் குழுவில் முதலாவது மட்டும் இருக்கிறது, அதுவும் மேலே ஏறி மறைந்துவிடுகிறது.

முதலில் ட்ரெலோவை எடுத்தேன். 2011இல் வெளிவந்து, 2017இல் அவுஸ்திரேலிய அட்லாசியன் நிறுவனத்தின் கைக்குப் போனது. ஜப்பானின் டொயோட்டா தொழிற்சாலையில் தாயிச்சி ஓனோ வளர்த்தெடுத்த ‘கன்பான்’ அட்டை முறைதான் இதற்கும் வழிகாட்டி. ஒவ்வொரு வேலையும் ஓர் அட்டை. ‘செய்யவேண்டியது’, ‘நடக்கிறது’, ‘முடிந்தது’ என்ற நிரல்களுக்குள் அட்டையை விரலால் இழுத்துப் போடவேண்டும். அட்டையில் ஆளின் பெயரையும் திகதியையும் இடலாம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொருவருக்கும் மின்னஞ்சல் கணக்கு வேண்டும், பொத்தான்களெல்லாம் ஆங்கிலம். இரண்டு கிழமை போனபின் பார்த்தால் எல்லா அட்டைகளையும் நான் ஒருவனே நகர்த்திக்கொண்டிருந்தேன். “தம்பி, எனக்கு நீ வாயால சொன்னாப் போதும்” என்றார் ராத்தா. கோபம் வந்தது, யோசித்தால் அவர் சொன்னது சரி. பலர் பல கட்டமாகச் செய்யும் தையலகம், அச்சகம் போன்றவற்றுக்கு ட்ரெலோ பொருந்தும். எங்களுக்கு அது பெரிய சட்டை.

மைக்ரோசொப்ட் டூ டூவில் பகிர்ந்த பட்டியலிலுள்ள வேலையை ஒருவருக்கு ஒப்படைக்கலாம், நினைவூட்டலும் உண்டு. கூகிள் கீப்பில் அப்படி ஒப்படைக்கும் வசதி இல்லை; ஆளுக்கொரு பட்டியல் திறந்து சமாளிக்கவேண்டும். ஆனால் அன்ரோயிட் கைபேசி வைத்திருப்பவர்களிடம் கூகிள் கணக்கு பெரும்பாலும் ஏற்கனவே இருக்கும். இரண்டிலும் தமிழில் எழுதலாம். சமிக்ஞை இல்லாதபோதும் எழுதலாம், இணைப்பு வந்ததும் மற்றவர்களின் கைபேசிக்குப் போய்ச்சேரும்.

இந்தக் கடைசி வசதியை எங்கள் நாட்டில் சிறிதாக எண்ணக்கூடாது. 2018 மார்ச்சில் திகன வன்முறையின்போதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளின் பின்னரும் வட்ஸ்அப்பையும் முகநூலையும் அரசாங்கம் முடக்கியது. 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் அதுவே நடந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன்னர்தான் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு. ஓடர்களெல்லாம் ஒரே குழுவுக்குள் கிடந்தால் அத்தகைய நாளில் தொழிலே பூட்டிக்கிடக்கும்.

காசுத் திட்டங்களில் நான் இறங்கவில்லை. கட்டணம் டொலரில், 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்றறுபதுக்குப் போனதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இலவசத்தையும் முழுதாக நம்ப ஏலாது. பேர்லினில் உருவான வுண்டர்லிஸ்டை மைக்ரோசொப்ட் 2015இல் வாங்கி, 2020 மே 6இல் மூடிவிட்டது. பட்டியல்களை டூ டூவுக்கு மாற்ற வழி கொடுத்தார்கள் என்பது உண்மை, ஆனால் கவனியாமல் இருந்தவர்கள்? எந்தச் செயலியானாலும், எழுதியதை வெளியே எடுக்க வழி இருக்கிறதா என்று சேரும் நாளிலேயே பாருங்கள். கீப்பில் உள்ளதை ‘கூகிள் டேக்கவுட்’ மூலம் தரவிறக்கலாம்.

இன்னொரு விடயம் எங்களைப் போன்றவர்களுக்கு உரியது. முகாமில் வளர்ந்த எனக்குப் பெயர்ப் பட்டியல் என்றால் இரண்டு ஞாபகம்: பெயர் இருந்தால் நிவாரண அரிசி, இல்லாவிட்டால் வெறுங்கை. வடக்கில் உள்ள நண்பர்களுக்குப் பட்டியல் என்றால் வேறு பயம். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. இருந்தாலும் செயலிக்குள் போகாத தகவல் கசியாது. வேலை செய்பவர்களின் அடையாள அட்டை இலக்கம், குடும்ப நிலை, கடன் விபரம் எதையும் நான் அதில் எழுதுவதில்லை. ‘கட்டா 30, வெள்ளி, ராத்தா’ என்றால் போதும்.

கடைசியில் கூகிள் கீப்பை எடுத்தோம். மூன்று கைபேசிகளில் ஆளுக்கொரு பட்டியல். பொதிசெய்யும் இருவரிடமும் இருப்பது ஒரே கைபேசி, அதுவும் பிள்ளை பள்ளிப் பாடத்துக்கு எடுத்துக்கொள்ளும். ஆகவே சுவரில் ஒரு கரும்பலகை. காலையில் கீப்பைப் பார்த்து மச்சான் அதில் எழுதுவார். குரல்பதிவு இன்னும் வருகிறது. ஆனால் யாராவது ஒருவர் “எழுதியாச்சு” என்று பதில் போடாதவரை அதை ஓடராக எடுப்பதில்லை. ராத்தா இன்றுவரை ஒரு பெட்டியிலும் சரி அடையாளம் போட்டதில்லை. வேலை முடிந்ததும் தொலைபேசி எடுப்பார், நான் போடுவேன்.