எங்கோ பெய்த மழை

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பேஜ் என்ற ஊருக்கு அருகே, நவஹோ பழங்குடியினரின் நிலத்தில் இருக்கிறது ஆன்டலோப் கேன்யன். செம்மணற்கல்லை வெள்ளம் காலங்காலமாக அறுத்து உண்டாக்கிய குறுகிய பிளவு. வழிகாட்டி இல்லாமல் உள்ளே போக முடியாது. கேமராவோடு வருபவர்களுக்கு இது கசக்கிறது. படம் எடுப்பது தனிமையில் செய்யும் வேலை, கூட்டத்தோடு நடந்தால் எல்லோருக்கும் ஒரே படம்தானே என்கிறார்கள். நியாயமான குறைதான். ஆனால் 1997 ஆகஸ்ட் 12 அன்று இங்கே 11 பயணிகளைக் கொன்ற வெள்ளத்துக்கான மழை பல மைல் தொலைவில் பெய்தது. பிளவுக்குள் நிற்பவருக்குத் தெரிவது தலைக்கு மேல் ஒரு கீற்று வானம் மட்டுமே. தொலைதூர மேகத்தை வெளியிலிருந்து கவனிக்க ஆள் வேண்டும்.

அன்றும் வழிகாட்டி கூடவே இருந்தாரே என்று கேட்கலாம். இருந்தார், உயிரும் பிழைத்தார். ஆகவே ஆள் மட்டும் போதாது. பாறையில் பொருத்திய இரும்பு ஏணிகளும் வானிலை எச்சரிக்கையும் அதன் பிறகே வந்தன. ஒரே படம் என்பதற்கும் பதில் உண்டு. கோடை நண்பகலில் இந்தப் பிளவின் 'மேல் கேன்யன்' என்ற பகுதிக்குள் இறங்கும் ஒளிக்கற்றை எல்லோருக்கும் பொதுதான். ஆனால் சுவரிலிருந்து சுவருக்குத் தெறித்துச் செம்மை, ஊதா என்று மாறும் மங்கிய வெளிச்சம் இடத்துக்கு இடம் வேறு. அது எந்த வளைவில் எந்த நேரத்தில் விழும் என்பது தினமும் அங்கே நடப்பவருக்கே தெரியும்.