ஒரு வசனம் போதுமா?

உங்கள் வீட்டுக் காலண்டரிலும் எரேமியா 29:11 இருக்கிறதா? எங்கள் லயத்து வீட்டில் இருந்தது. வேலை போன என் தம்பிக்கு அதையே எழுதிக் கொடுத்தேன். மூன்று மாதம் பார்த்தான். பிறகு தேவாலயத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டான்.

அப்புறம்தான் முழு அதிகாரத்தையும் படித்தேன். (பிள்ளைகளிடம் பாடத்தை முழுதும் படி என்பவன் நான்!) கி.மு. 597-இல் பாபிலோனுக்குச் சிறைபிடித்துச் செல்லப்பட்டவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம் அது. இரண்டே ஆண்டில் திரும்பலாம் என்று அனனியா சொல்லியிருந்தான்; 28-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். எரேமியாவோ எழுபது ஆண்டு என்றார். அதுவரை வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்கு மணம் முடியுங்கள், இருக்கும் ஊருக்காக ஜெபியுங்கள் என்றார். இதில் ஒன்றையும் தம்பிக்கு நான் சொல்லவில்லை.

வரும் ஞாயிறு வேதாகமத்தோடு அவன் வீட்டுக்குப் போகிறேன். 28-இலிருந்து தொடங்குவோம்.