‘ஒன்லி’ என்னும் வினையடையும் அதன் மொழிபெயர்ப்பும்

காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் இலங்கையில் 1935ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அதன்கீழ் வன்னியில் நிலம் பெற்றோருட் சிலரிடம் அனுமதிப்பத்திரம் உண்டு. சிலர் பின்னர் அளிப்புப் பத்திரமும் பெற்றனர். உடையார்கட்டுக் கமக்காரர் ஒருவர்க்காக ஆங்கில அறிவித்தலொன்றைத் தமிழாக்க நேர்ந்ததெனக் கொள்வாம். “அனுமதிப்பத்திரம் உடையோர் மாத்திரம் விண்ணப்பிக்கலாம்” என்பது ஒன்று. “அனுமதிப்பத்திரம் மாத்திரம் உடையோர் விண்ணப்பிக்கலாம்” என்பது மற்றொன்று. அளிப்புப் பத்திரமும் கையிலுடையார் முன்னதனால் விலக்கப்படார், பின்னதனால் விலக்கப்படுவர். சொற்கள் அவையே, ‘மாத்திரம்’ நின்ற இடமே வேறு.

ஆங்கிலத்தில் ‘ஒன்லி’ என்னும் வினையடை பெரும்பாலும் வினைக்கு முன்னே நின்றுகொண்டு வாக்கியத்தின் எவ்வுறுப்பையும் தழுவ வல்லது. எதனைத் தழுவுகின்றதென்பதைப் பேசுவோன் குரலழுத்தம் காட்டும். எழுத்திலோ அக்குரல் இல்லை. தமிழில் அச்சொல் தான் வரையறுப்பதன் பின்னே ஒட்டி நிற்றல் வேண்டுமாதலின், ஆங்கிலம் சொல்லாது விட்டதை மொழிபெயர்ப்போனே துணிதல் வேண்டும். அறிவித்தல் எழுதினோரைக் கேளாது துணிதல் தவறென்க.

அரபு மொழியார்க்கும் இவ்விடர் உண்டு. அவர்கள் கையாளும் வழிகளுள் மூன்று குறிக்கத்தக்கன. ‘ஃபகத்’ என்பது நம் ‘மாத்திரம்’ போலப் பின்னே வருவது. ‘இன்னமா’ வாக்கியத்தின் தலையில் நிற்கும். ஆயினும் அதன் வரையறை ஈற்றில் வரும் உறுப்பின்மேற் செல்லும். “வந்தவர் ஆசிரியரே” என நாம் வேண்டிய சொல்லை ஈற்றில் வைப்பது இதனை ஒருவாறு ஒக்கும். மூன்றாவது, எதிர்மறையோடு ‘இல்லா’ என்பதைக் கூட்டுவது. “குளத்து நீரன்றி வேறு நீர் இல்லை” என்னும் தமிழ் நடை இதற்கு நேர். காசோலையில் நாம் “ரூபா நூறு மாத்திரம்” என்றெழுதுவோம். அரபியரோ தொகையின் முன்னே ‘ஃபகத்’ என்றும் பின்னே ‘வேறில்லை’ எனப் பொருள்படும் ‘லா கைர்’ என்றும் இருபுறமும் வேலியிடுவதுண்டு.

எல்லா இடத்தும் ‘மாத்திரம்’ பொருந்தாது. ‘நேற்று ஒன்லி வந்தான்’ என்னுங் கருத்தை “நேற்றுத்தான் வந்தான்” என்றே கூறல் தகும். ‘நேற்று மாத்திரம்’ எனின் மற்றைநாள் வராமை தோன்றும். “மூவரே வந்தனர்” என்புழிப் பிரிநிலை ஏகாரம் போதும். ஏக்கம் தோன்ற ‘இஃப்’ என்பதோடு சேர்ந்து வரும் ‘ஒன்லி’ வரையறைப் பொருளையே இழந்துவிடும். அரபியர் அதற்கு ‘லைத்த’ என வேறு சொல்லே வைத்துள்ளனர்.

மட்டு என்பது அளவு. மாத்திரை என்பதும் அளவு. சிங்களத்தில் வழங்கும் ‘பமணக்’ என்பதும் அளவெனப் பொருள்படும் பிரமாணத்தின் வழிவந்ததே.

இச்சொல் இந்நாட்டிற் பெரும்பகை விளைத்ததுமுண்டு. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் ஆங்கில வாசகத்தில் சிங்களத்தை ‘ஒரே’ அரசகரும மொழி என்னும் பெயரடையாற் கூறியதேயன்றி, அங்கே ‘ஒன்லி’ என்று கூறவில்லை. அதனை மேடையும் பத்திரிகையும் வழங்கின. தமிழர் ‘தனிச் சிங்களச் சட்டம்’ என்றனர். வினையடை தமிழில் மீண்டும் பெயரடையாயிற்று. 1987ஆம் ஆண்டு அரசியலமைப்பின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழை அரசகரும மொழியாக்கியபோது வந்த ஆங்கில வினையடை ‘ஓல்சோ’. அதற்குத் தமிழில் தனிச்சொல் வேண்டியதில்லை. ‘தமிழும்’ என்னும் எச்சவும்மையே அமையும். எச்சவும்மையோ தனக்கு முன்னே பிறிதொன்று கூறப்பட்டிருத்தலை வேண்டும். அப்பிரிவின் முதல் வாசகம் சிங்களத்தைக் கூறி முடிந்தபின், இரண்டாவதாகவே அது நிற்கின்றது.