குட்டி கார்ட்டின் எஞ்சின் எது?

குழாய்களை வளைத்து ஒட்டிய ஒரு சட்டம், ஓர் இருக்கை, நான்கு சிறு சக்கரங்கள், ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் ஓர் எஞ்சின் - கோ-கார்ட் என்பது இவ்வளவுதான். 1956ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் பந்தயக் கார்கள் கட்டும் தொழிலில் இருந்த ஆர்ட் இங்கெல்ஸ் என்பவர் முதல் கார்ட்டை உருவாக்கினார். அதில் அவர் பொருத்தியது வெஸ்ட் பெண்ட் நிறுவனம் செய்த, புல்வெட்டும் கருவிக்கு உரிய சிறு எஞ்சின்.

கார்ட் பந்தயம் பரவியதும் அதன் குட்டி மாதிரிகளும் பிறந்தன. இன்று அவற்றைச் சேகரிப்போர் பலர். ஆனால் பெட்டியும் குறிப்பேடும் பெரும்பாலும் தொலைந்திருக்கும். விற்பவர் தமக்குத் தெரிந்த பிரபலமான எஞ்சின் பெயரைச் சொல்லிவிடுவார். வாங்கியவர் அதை நம்பி உரிய உறுப்பைக் கழற்றி, உரியதல்லாத உறுப்பைப் பொருத்தினால், அந்த மாதிரியின் உண்மை வரலாறு அன்றோடு அழிந்துவிடும். ஆகவே பெயர் சூட்டுமுன் எஞ்சினையே கேட்பது நல்லது. எப்படிக் கேட்பது?

முதல் கேள்வி: ஓடுமா, ஓடாதா?

மாதிரி கார்ட்டின் எஞ்சின் இரு வகைப்படும். ஒன்று, பெரிய எஞ்சினின் உருவத்தை மட்டும் காட்டும் பொம்மை எஞ்சின். மற்றொன்று, உண்மையாகவே எரிபொருள் எரிந்து ஓடும் எஞ்சின். ஒன்றே இரண்டுமாக இருப்பது மிக அரிது. ஏன் என்பதை ஒரு சிறு கணக்கு விளக்கும்.

மாதிரி, அசலில் எட்டில் ஒரு பங்கு என்று கொள்வோம். நீளம், அகலம், உயரம் மூன்றும் எட்டில் ஒரு பங்காகும். எனவே கன அளவு 8 x 8 x 8, அதாவது 512இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். 100 சி.சி. வகுப்பைச் சேர்ந்த கார்ட் எஞ்சினை இப்படிக் குறுக்கினால் 0.2 சி.சி.கூட வராது. அத்தனை சிறிய எஞ்சினைச் செய்ய முடியும்; ஆனால் ஒரு வண்டியை இழுக்க அதன் வலு போதாது. ஆகவே ஓடும் மாதிரி செய்பவர் அளவுப் பொருத்தத்தை விட்டுக்கொடுத்து, பெரிய எஞ்சினையே வைப்பார்.

அமெரிக்காவில் சிறுவர்களின் ஓடும் மாதிரிகளில் மிகப் பரவலாக இருந்த அளவு 0.049 கன அங்குலம், அதாவது சுமார் 0.8 சி.சி. இதை 512ஆல் பெருக்கிப் பாருங்கள்: 400 சி.சி.யைத் தாண்டுகிறது! எந்தச் சாதாரண கார்ட்டிலும் அவ்வளவு பெரிய எஞ்சின் இருந்ததில்லை. எனவே ஓடும் எஞ்சினைப் பார்த்து, “இது எந்தப் பெரிய எஞ்சினின் சாயல்?” என்று கேட்பது வீண். அதற்கெனத் தனி வம்சம் உண்டு.

பொம்மை எஞ்சினாக இருந்தால்

உருவ எஞ்சினில் உள்ளுறுப்பு எதுவும் இராது. ஆயினும் வெளித்தோற்றமே உள்ளே நடப்பதைச் சொல்லிவிடும். கார்புரேட்டர் எங்கே ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். அது சிலிண்டரின் மீதே இருந்தால், பிஸ்டனே மேலும் கீழும் நகர்ந்து வாயிலைத் திறந்து மூடும் வகை. கார்புரேட்டர் கிராங்க் அறையின் மீது இருந்தால், அங்கே மெல்லிய தகட்டு நாக்கு ஒன்று வால்வாக வேலை செய்யும் வகையாக இருக்கலாம். இதற்கு ரீட் வால்வு என்று பெயர்.

அடுத்து சிலிண்டரின் நிலை. அமெரிக்க நிறுவனமான மெக்கல்லக், மரம் அறுக்கும் சங்கிலி ரம்பத்தின் எஞ்சினை மாற்றி 1959இல் எம்.சி.-10 என்ற கார்ட் எஞ்சினை வெளியிட்டது. அதன் சிலிண்டர் படுத்த நிலையில் இருக்கும். ரீட் வால்வு வகை. பக்கத்தில் விசிறி மூடி உண்டு. 1970களில் புகழ்பெற்ற யமஹா கே.டி.100 எஞ்சினோ நிமிர்ந்து நிற்கும்; விசிறி இல்லை, குளிர்விக்கும் செதில்கள் திறந்தே இருக்கும்; கார்புரேட்டர் சிலிண்டரிலேயே ஒட்டியிருக்கும். கியர் பெட்டியும் சேர்ந்த உயரமான எஞ்சினைக் கண்டால், பிரிட்டிஷ் கார்ட்டுகளில் பயன்பட்ட வில்லியர்ஸ் 197 சி.சி. மோட்டார் சைக்கிள் எஞ்சினை நினைவில் கொள்ளுங்கள். 59 மி.மீ. விட்டத்துக்கு 72 மி.மீ. வீச்சு இருப்பதால்தான் அதற்கு அந்த உயரம்.

ஓடும் எஞ்சினாக இருந்தால்

இங்கும் காற்று நுழையும் இடமே சாட்சி. கலிஃபோர்னியாவின் காக்ஸ் நிறுவனம் 1956இல் வெளியிட்ட பேப் பீ எஞ்சினில் எரிபொருள் தொட்டி முதுகில் இருக்கும். காற்றும் பின்புறமாகவே நுழையும். இதுவும் ரீட் வால்வு வகைதான். நாக்கு வால்வுக்குச் சுழலும் திசை பற்றிக் கவலை இல்லை. ஆகவே இவ்வகை எஞ்சின் சில சமயம் பின்னோக்கியும் கிளம்பிவிடும்! அதே நிறுவனத்தின் டீ டீ வரிசையில் காற்று முன்புறம், சுழல் தண்டில் உள்ள துளை வழியே நுழையும்.

ஐயம் தீரவில்லையானால் அளந்து பாருங்கள். பேப் பீயின் சிலிண்டர் விட்டம் சுமார் 10.3 மி.மீ., பிஸ்டனின் வீச்சு சுமார் 9.8 மி.மீ. விட்டத்தின் வர்க்கத்தை 0.785ஆல் பெருக்கி, அதை வீச்சால் பெருக்கினால் 0.82 சி.சி. கிடைக்கும். பெயர் அழிந்துபோனாலும் இந்த எண் அழியாது.

ஓர் எச்சரிக்கை. இந்த எஞ்சின்களுக்கு எரிபொருள் மெத்தனால். மசகு பெரும்பாலும் நமது ஆமணக்கெண்ணெய்தான். பல ஆண்டுகள் கிடந்தால் அது பழுப்பு நிறப் பசையாக இறுகி, பிஸ்டனைப் பிடித்துக்கொள்ளும். இடுக்கியால் திருகினால் மெல்லிய உறுப்புகள் உடையும். இளஞ்சூடு காட்டிப் பொறுமையாக இளக்க வேண்டும். அந்தப் பழுப்புக் கறையும் ஒரு சான்றே: எஞ்சின் உண்மையில் ஓடியது என்பதை அது சொல்கிறது.

எஞ்சினின் பெயர் தெரிந்துவிட்டால் ஆண்டும் தெரிந்துவிடுமா? பாதிதான். எம்.சி.-10 உருவம் தாங்கிய மாதிரி 1959க்கு முற்பட்டதாக இருக்க முடியாது. ஆனால் அதற்குப் பின் எந்த ஆண்டிலும் செய்யப்பட்டிருக்கலாம். ஓடும் எஞ்சினோ இடையில் மாற்றப்பட்டும் இருக்கலாம். சட்டத்தில் பயன்படாத பழைய திருகுத் துளைகள் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்டதை மட்டும் சீட்டில் எழுதி மாதிரியோடு வையுங்கள். “படுத்த சிலிண்டர், ரீட் வால்வு வகை, விசிறி மூடி உண்டு” என்ற மூன்று உண்மைகள், ஊகித்துச் சூட்டிய ஒரு பெரிய பெயரைவிட அடுத்து வருபவருக்கு அதிகம் உதவும்.