நகரத்தின் செவியும் குரலும்

1868-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் தேதி ஸான்பிரான்சிஸ்கோ நகரையும் அதன் எதிர்க்கரையிலுள்ள ஹேவர்ட் பிரதேசத்தையும் ஒரு பூகம்பம் உலுக்கிவிட்டுப் போய் இரண்டு வாரங்கூடக் கழியாத நிலையில், டாக்டர் ஜே. டி. கூப்பர் என்பவர் அவ்வூர்ப் பத்திரிகையில் ஒரு யோசனையை வெளியிட்டார். நகரத்திலிருந்து பத்து மைல் முதல் நூறு மைல் வரையுள்ள ஊர்களில் நில அதிர்வை உணரும் எளிய கருவிகளை வைத்து, ஏற்கெனவே ஊரூராக ஓடும் தந்திக் கம்பிகளோடு அவற்றை இணைத்துவிட்டால், அங்கே பூமி அசைந்த மாத்திரத்தில் மின்சாரம் பாய்ந்து வந்து நகரத்தின் நடுவே உயர்ந்த கோபுரத்தில் தொங்கும் மணியை அடித்துவிடும். அதிர்வு வந்து சேருமுன் ஜனங்கள் வீட்டைவிட்டு வெளியே வந்துவிடலாம் என்பது அவருடைய கணக்கு. அந்த மணியின் நாதம் வேறெந்த மணியோடும் கலந்துவிடாத தனி நாதமாக இருக்க வேண்டும் என்பதையும் அவர் சொல்ல மறக்கவில்லை. மணி கட்டப்படவேயில்லை. ஆனால் கணக்கில் பிழை எதுவும் இல்லை.

பூமிக்குள் பாறை உடையும்போது புறப்படும் அலைகளில் முந்தி வருவது வினாடிக்குச் சுமார் ஆறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். அதனால் பெரிய சேதம் நேர்வதில்லை. கட்டிடங்களைச் சாய்ப்பது அதன் பின்னே வினாடிக்கு மூன்றரைக் கிலோமீட்டர் வேகத்தில் வரும் இரண்டாவது அலைதான். மின்னலைக் கண்டவன் இடிக்கு முன்னே காதைப் பொத்திக்கொள்வதைப்போல, முதல் அலையைக் கண்டுகொண்ட கருவி, இரண்டாவது அலையைவிடப் பல்லாயிரம் மடங்கு விரைந்து செல்லும் வானொலியில் தொலைவிலுள்ள நகரத்துக்குச் சொல்லி அனுப்ப முடியும். எத்தனை வினாடி அவகாசம் கிடைக்கும் என்பதைக் கருவியின் நேர்த்தியைக் காட்டிலும் தூரமே பெரிதும் தீர்மானிக்கிறது.

இந்தத் தூரத்தை வரமாகவும் சாபமாகவும் ஒருங்கே பெற்ற நகரம் மெக்ஸிகோ. பழைய ஏரி ஒன்றின் களிமண் படுகைமீது எழுந்த அந்த மாநகரம், 1985 செப்டம்பர் 19-இல் முந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் அப்பால், பசிபிக் கரையோரத்தில் தோன்றிய பூகம்பத்தால் சீர்குலைந்தது, அவ்வளவு தூரம் ஓடிவந்து தளர்ந்திருக்க வேண்டிய அலையை மெத்தென்ற களிமண் மறுபடி பெரிதாக்கிற்று, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அதன் விளைவாக, 1991-இல் கெரேரோ மாநிலக் கடற்கரையில் பன்னிரண்டு கருவிகளோடு எச்சரிக்கை ஏற்பாடு ஒன்று தொடங்கியது. 1995-இல் அதே கரையோரத்தில் எழுந்த ஒரு பூகம்பத்தின்போது நகரத்துக்கு 72 வினாடி முன்னறிவிப்புக் கிடைத்தது.

ஆனால் செய்தி நகரத்தை எட்டுவது வேறு, நகரவாசியின் காதை எட்டுவது வேறு. பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் இருந்த வானொலிப் பெட்டிகள் அலறினவேயன்றி, தெருவில் காய்கறி விற்பவனுக்கும் பஸ்ஸுக்குக் காத்திருப்பவளுக்கும் ஒன்றும் கேட்கவில்லை. இக்குறையைத் தீர்க்க நகர நிர்வாகம் புதிதாகக் கோபுரம் எதையும் கட்டவில்லை. குற்றங்களைக் கண்காணிக்கத் தெருமுனைகளில் நட்டிருந்த காமிராக் கம்பங்களின் ஒலிபெருக்கிகளை 2015-இல் இந்த ஏற்பாட்டுடன் இணைத்துவிட்டது. தொடக்கத்தில் எண்ணாயிரத்துக்கு மேற்பட்டிருந்த அவை பிற்பாடு பன்னிரண்டாயிரத்தைத் தாண்டின. திருடனைப் பிடிக்க வைத்த கம்பம் தெருவைக் காக்கவும் உதவிற்று. ஏறி இறங்கி ஊளையிடும் அந்தச் சங்கின் ஒலி நகரத்தில் குழந்தைகளும் அறிந்தது.

2017 செப்டம்பரில் அந்த ஒலிக்கு நேர்ந்த சோதனைகள் கவனிக்கத்தக்கவை. ஆறாம் தேதி இரவு கை தவறிச் சங்கு ஒலித்தது. ஜனங்கள் இரவு உடையோடு தெருவுக்கு ஓடிவந்து, சபித்துக்கொண்டே திரும்பினர். ஏழாம் தேதி நள்ளிரவை நெருங்கும் வேளையில் மறுபடி ஒலித்தபோது, தெற்கே வெகுதொலைவில் சியாபாஸ் கடலோரத்தில் 8.2 அளவுள்ள பூகம்பம் உண்மையாகவே புறப்பட்டிருந்தது. ஒரு நிமிஷத்துக்கும் மேலாக அவகாசம் கிடைத்தது. பத்தொன்பதாம் தேதி, 1985-இன் நினைவாக ஆண்டுதோறும் நடக்கும் ஒத்திகைக்குக் காலை பதினொரு மணிக்குச் சங்கு ஊதப்பட்டு, எல்லோரும் வரிசையாக இறங்கி நின்றுவிட்டுப் போனார்கள். பிற்பகல் 1.14-க்கு நகரத்திலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் தூரத்தில் பூமி வெடித்தது. இம்முறை பூகம்பம் கடலோரத்தில் அல்லாமல் உள்நாட்டில் எழுந்தமையால், நகரத்தின் பல பகுதிகளில் சங்கும் அதிர்வும் ஏறத்தாழச் சேர்ந்தே வந்தன. அருகில் எழும் பூகம்பத்துக்கு முன்னறிவிப்பு இல்லை என்ற கசப்பான உண்மையை எந்த இயந்திரமும் மாற்றுவதற்கில்லை.

அவகாசமே இல்லாத இடத்தில் மனிதனை எழுப்புவதைவிட இயந்திரத்தை அடக்குவது மேல். ஜப்பானியர் இதை நன்றாக உணர்ந்திருக்கிறார்கள். 1995-இல் கோபே நகரம் தீப்பற்றி எரிந்ததைக் கண்ட பின், டோக்கியோவின் எரிவாயுக் கம்பெனி, தெருத் தெருவாக அமைந்துள்ள தன் அழுத்தக் கட்டுப்பாட்டு நிலையங்களில் ஏறக்குறைய நாலாயிரம் அதிர்வு உணர்விகளைப் பொருத்தியது. நிலம் பலமாகக் குலுங்கினால், யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல், அந்தந்த வட்டாரத்துக் குழாய் தானே மூடிக்கொள்ளும். ரயிலிலும் இதே தந்திரந்தான்: கடலோரக் கருவி அசைந்ததும் பாதையில் மின்சாரம் நின்றுவிடும், மின்சாரம் நின்றால் பிரேக் தானாக விழும். 2011 மார்ச் 11-இல் வடகிழக்கு ஜப்பானில் ஓடிக்கொண்டிருந்த ஷின்கான்ஸென் ரயில்கள் இவ்விதம் நின்றன. பிரயாணிகளை ஏற்றிச் சென்ற ஒன்றேனும் தடம் புரளவில்லை.

செவியின் பக்கத்தில் நடப்பது இன்னும் ஆச்சரியம். தொலைபேசிக்கும் இணையத்துக்குமாகப் புதைத்த கண்ணாடி இழைக்குள் ஒளித் துடிப்புகளை அனுப்பினால், கண்ணாடியிலுள்ள நுண்ணிய குறைகளில் பட்டு ஒளியில் ஒரு துளி திரும்பி வருகிறது. நிலம் அசைந்து இழை இம்மியளவு நீண்டாலும் திரும்பும் ஒளி மாறிவிடுகிறது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பியோண்டோ பியோண்டி என்ற பேராசிரியரின் குழு, வளாகத்தின் அடியில் பிளாஸ்டிக் குழாய்க்குள் சும்மா கிடந்த ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் இழையை 2016-இல் இவ்விதம் கேட்கத் தொடங்கிற்று. இழையைச் சிமெண்டில் பதிக்காவிட்டால் பயனில்லை என்று எண்ணியிருந்தவர்கள் வியக்கும்படி, அது நூற்றுக்கணக்கான அதிர்வுகளைப் பதிவு செய்தது. மேற்சொன்ன 2017 மெக்ஸிகோ பூகம்பங்களும் அவற்றுள் அடங்கும். சட்டைப்பையிலுள்ள கைப்பேசியில், திரையைத் திருப்புவதற்காக வைத்த சிறு உணர்வியையும் 2020 முதல் கூகுள் இதே வேலைக்கு அமர்த்தியிருக்கிறது.

ஆகவே செவிக்குப் பஞ்சமில்லை. குரலைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டியிருக்கிறது. நம் நாட்டில் ரூர்க்கி ஐ.ஐ.டி.யின் உழைப்பால் உத்தராகண்ட் அரசு 2021-இல் பூகம்ப எச்சரிக்கைச் செயலியை வெளியிட்டது. இமயத்தில் முந்நூறு கிலோமீட்டர் தொலைவில் பெரும் பூகம்பம் ஒன்று எழுந்தால் டில்லிக்கு ஏறக்குறைய ஒரு நிமிஷம் கிடைக்கும். கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டுச் சாந்தினி சௌக்கில் சுமை தூக்கும் கூலிக்காரனுக்கு அந்த நிமிஷத்தை யார் சொல்வது என்று கேட்டால், மெட்ரோ நிலையத்தின் ஒலிபெருக்கி, போலீஸ் காமிராக் கம்பம், மசூதியின் குழல், கோயிலின் குழல் என்று விடைகள் தெருவிலேயே நிற்கின்றன. ஆனால் இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி அதிகாரி இருக்கிறார், அல்லது ஒரு தனிக் கமிட்டி இருக்கிறது.